சர்வர் டிஸ்க்கில் எழுத முடியவில்லையா? கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மண்டபத்துக்குப் பக்கத்தில் நான் கணக்குப் பார்க்கும் மீன் கம்பெனியில் நண்டு லோடு ஏறிக்கொண்டிருந்தது. "அண்ணே, பில் சேவ் ஆகமாட்டேங்குது" என்று பில் போடும் தம்பி கூப்பிட்டான். அன்றைக்கு ஆரம்பித்து ஒன்பது நாள் அலைந்தேன். மதுரைக்குப் போய் 11,400 ரூபாய் கொடுத்து ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தேன். அது தேவையே இல்லை. கோளாறு 150 ரூபாய்க் கேபிளில் இருந்தது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம். ஆபீசில் இருப்பவர்களில் கொஞ்சம் விவரம் தெரிந்தவன் என்பதால் சர்வர் என் தலையில் விழுந்தது. ராமேஸ்வரத்து லாட்ஜ்களிலும் பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி பக்கத்துக் கம்பெனிகளிலும் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பலர் இருப்பார்கள். நான் தலைகீழாகச் செய்ததை நீங்கள் நேராகச் செய்யலாம். அதற்காகத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் சர்வரில் ஓடுவது உபுண்டு லினக்ஸ். கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். டைப் செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் "பெரிய" என்று சொல்லியிருப்பேன். பெரும்பாலானவற்றுக்கு முன்னால் சூடோ (அட்மின் உரிமையோடு ஓடச் சொல்லும் சொல்) போட வேண்டியிருக்கும். விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாம் படியில் ஒரு குறிப்பு உண்டு.

1. முதலில் கையை எடுங்கள்

ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், நானும் அதைத்தான் செய்தேன். டிஸ்க் நிஜமாகவே சாகும் நிலையில் இருந்தால், ஒரு தடவை நின்று திரும்பச் சுழல ஆரம்பிக்கும்போதுதான் பல டிஸ்க்குகள் ஒரேயடியாகப் போய்விடும். தவிர, ரீஸ்டார்ட் ஆகும்போது லினக்ஸ் தானாகவே ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே என்று வைத்திருக்கும் ஏற்பாட்டை, சரிபார்க்கப் புறப்படும். பழுதான டிஸ்க்கில் அது நல்லதல்ல. ஏன் என்று ஏழாம் படியில் சொல்கிறேன். இன்னொன்று, டிஸ்க்கில் எழுத முடியாத நேரத்தில் வந்த பிழைச் செய்திகள் மெமரியில் மட்டும்தான் இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் சாட்சி போய்விடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: திரையில் இருப்பதைப் போனில் படம் எடுங்கள். எல்லோரையும் என்ட்ரி போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதச் சொல்லுங்கள். எங்கள் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் அன்றைய 14 லோடும் கையால் எழுதிய பில்லில்தான் போயின. ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

2. செய்தியை எழுத்து மாறாமல் படியுங்கள்

"எழுத முடியவில்லை" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு வியாதிகள் இருக்கின்றன. சர்வரில் ஒரு சின்ன ஃபைலை உருவாக்கிப் பாருங்கள். டி ஓ யூ சி ஹெச் (டச் என்ற ஆங்கிலச் சொல்) என்று அடித்து, இடைவெளி விட்டு, ஏதாவது ஒரு பெயர் கொடுத்தால் போதும். என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.

"நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்றால் இடம் தீர்ந்துவிட்டது. டிஸ்க் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

"ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்றால், எங்கோ தப்பு நடந்ததைப் பார்த்து லினக்ஸ் தானே கதவைச் சாத்திக்கொண்டது. படிக்கலாம், எழுத முடியாது. இது உங்களைக் காப்பாற்ற வந்த பூட்டு. கதவைத் திரும்பத் திறக்க ரீமவுன்ட் கட்டளை ஒன்று உண்டு. தேடினால் முதல் பதிலாக அதைத்தான் சொல்வார்கள். காரணம் தெரியாமல் அதைப் போடாதீர்கள். நான் போட்டேன், இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, ஒரு நாள் கணக்கைக் குழப்பிவிட்டுத் திரும்ப நின்றது.

"இன்புட் அவுட்புட் எரர்" என்றால் டிஸ்க்கோ, கேபிளோ, கரன்ட்டோ, மூன்றில் ஒன்று. மூன்றாம் படிக்கு முன்னால் எதையும் கழற்றாதீர்கள்.

"பெர்மிஷன் டினைட்" என்று வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. அது அனுமதிப் பிரச்சினை, யாரோ ஃபோல்டர் உரிமையை மாற்றியிருக்கிறார்கள்.

இடம் தீர்ந்த கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். டி எஃப் (டிஸ்க்கின் டி), இடைவெளி, மைனஸ் ஹெச் அடியுங்கள். எந்தப் பகுதி 100 சதவீதம் என்று தெரியும். இடம் இருப்பதாகக் காட்டியும் எழுத முடியாவிட்டால், ஹெச்சுக்குப் பதில் ஐ போட்டுப் பாருங்கள். ஃபைல்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் சேர்ந்தால் இடம் இருந்தும் புது ஃபைலுக்குப் பதிவு இருக்காது.

நிறைந்துபோவதற்கு நான் பார்த்த காரணங்களில் கெட்டிக்காரத்தனமான ஒன்று உண்டு. ராத்திரி பேக்கப் எடுக்க ஒரு யூஎஸ்பி டிஸ்க் செருகியிருக்கும். யாரோ தரையைத் துடைக்கும்போது அது கழன்றுவிடும். பேக்கப் ஸ்கிரிப்ட் அதைக் கண்டுகொள்ளாது. அந்த ஃபோல்டர் பெயர் இன்னும் இருப்பதால் சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே தினமும் ஒரு நகலை எழுதிக்கொண்டே போகும். பத்து நாளில் நிறைந்துவிடும். யூஎஸ்பியைத் திரும்பச் செருகியதும் அந்தப் பழைய நகல்கள் அதற்கு அடியில் மறைந்துவிடும். எங்கே தேடினாலும் அகப்படாது. அதனால் யூஎஸ்பியைப் பிரித்துவிட்டு அந்த ஃபோல்டருக்குள் பாருங்கள்.

இன்னொன்று: பெரிய லாக் ஃபைலை (நடந்ததை எழுதி வைக்கும் ஃபைலை) அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால், ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல் எஸ் ஓ எஃப், இடைவெளி, பிளஸ், பெரிய எல், ஒன்று என்று அடித்தால் எது என்று காட்டும். அந்த ஒரு சர்வீஸை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் போதும். டேட்டாபேஸின் லாக் ஃபைல்களைக் கையால் அழிக்கவே கூடாது. சிசிடிவிப் பதிவும் கணக்கும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், பிரித்துவிடுங்கள். எத்தனை இடம் கொடுத்தாலும் கேமரா தின்றுவிடும்.

3. சர்வர் தனக்குள் என்ன முனகுகிறது என்று கேளுங்கள்

டி எம் இ எஸ் ஜி (டிஸ்க்கின் டி), இடைவெளி, மைனஸ், பெரிய டி (டைமின் டி). நேரத்தோடு செய்திகள் கொட்டும். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை உங்களுக்கு வேண்டாதவை. பிழை வந்த நேரத்தை ஒட்டிய வரிகளை மட்டும் பாருங்கள். அவற்றில் இரண்டு குடும்பம் உண்டு.

"மீடியம் எரர்", "அன்ரிகவர்ட் ரீட் எரர்" போன்ற சொற்கள் வந்தால் டிஸ்க்கின் தட்டிலேயே புண்.

"ஐசிஆர்சி", "பேட் சிஆர்சி", "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" என்று வந்தால், டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் பேச்சு அறுபடுகிறது. கேபிளையோ செருகும் முனையையோ மின்சாரத்தையோ சந்தேகப்படுங்கள். எங்களுக்கு வந்தது முழுக்க இந்த இரண்டாவது குடும்பம்தான். அன்றைக்கு எனக்கு வித்தியாசம் தெரியாது. சிவப்பாக எழுத்து வந்ததும் டிஸ்க் போச்சு என்று முடிவு கட்டி மதுரை பஸ் ஏறிவிட்டேன்.

செய்திகள் முழுவதையும் ஒரு பென்டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள். பழுதான டிஸ்க்கிலேயே சேமிக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

விண்டோஸ் சர்வர் என்றால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, 7, 153, 55 என்ற எண்களைத் தேடுங்கள். 7 என்றால் டிஸ்க்கில் கெட்ட பகுதி. 153 என்றால் டிஸ்க்கோடு பேச முயன்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. 55 என்றால் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்கிறது. அடுத்த படியில் சொல்லும் எண்களை விண்டோஸில் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும்.

4. நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதுதான் என் 11,400 ரூபாயைக் காப்பாற்றியிருக்க வேண்டிய படி. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைத்திருக்கும், அதற்கு ஸ்மார்ட் அறிக்கை என்று பெயர். அதைப் படிக்க ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பு வேண்டும். சர்வர் நன்றாக இருக்கும்போதே அதை நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். எழுத முடியாத நாளில் நிறுவவும் முடியாது.

கட்டளை: எஸ் எம் ஏ ஆர் டி சி டி எல் (இரண்டும் டைமின் டி), இடைவெளி, மைனஸ் ஏ, இடைவெளி, ஸ்லாஷ் டி இ வி ஸ்லாஷ் எஸ் டி ஏ (இவை டிஸ்க்கின் டி). இரண்டாவது டிஸ்க் என்றால் எஸ் டி பி.

மேலேயே "பாஸ்டு" என்று போட்டிருக்கும். அதை நம்பி மூடிவிடாதீர்கள். சாகப்போகும் டிஸ்க்கும் பல நேரம் "பாஸ்டு" என்றுதான் சொல்லும். கீழே பட்டியலில் கடைசிப் பத்தியில் இருக்கும் நிஜ எண்தான் முக்கியம். நான்கு வரி பாருங்கள்.

5 என்ற வரி: கெட்டுப்போய், மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. ஒன்றிரண்டு இருந்து அப்படியே நின்றால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

197: படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். இது பூஜ்யமாக இல்லையென்றால் இன்றைக்கே நகல் எடுங்கள்.

198: டிஸ்க் தானே சோதித்துப் பார்த்தும் மீட்க முடியாதவை. 197-க்குச் சொன்னதே இதற்கும்.

199: வழியில் சிதைந்துபோன பேச்சுகளின் எண்ணிக்கை. இது ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது கேபிளையும் முனைகளையும், டிஸ்க்கை அல்ல. ஒரு விஷயம், இந்த எண் ஏறும், ஒருபோதும் இறங்காது. கேபிளை மாற்றினாலும் பழைய எண் அப்படியே நிற்கும். ஆகவே இன்றைய எண்ணை எழுதி வைத்து, இரண்டு நாள் கழித்து ஒப்பிட வேண்டும்.

என் பழைய டிஸ்க்கில் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199-இல் 412. புது டிஸ்க்கைப் போட்ட பிறகும் பிழை வந்தது. புது டிஸ்க்கில் 199 இரண்டே நாளில் பூஜ்யத்திலிருந்து 38 ஆனது. கேபிள் அதே பழைய கேபிள். அப்போதுதான் புத்தி வந்தது.

யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் சில நேரம் எண்கள் வராது. மைனஸ் டி (டிஸ்க்கின் டி), இடைவெளி, எஸ் ஏ டி (டைமின் டி) என்று சேர்த்தால் பெரும்பாலும் வரும். என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) என்றால் இந்த நான்கு வரி இருக்காது. அதில் "பர்சன்டேஜ் யூஸ்டு", "அவெய்லபிள் ஸ்பேர்", "மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்" என்ற மூன்றைப் பாருங்கள். கடைசியது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

எண்கள் நன்றாக இருந்து சந்தேகம் தீரவில்லை என்றால் நீண்ட சோதனை ஒன்று உண்டு. அது எழுதாது, படித்து மட்டும் பார்க்கும். எவ்வளவு நேரமாகும் என்று ஸ்மார்ட் அறிக்கையே சொல்லும். எங்கள் 4 டிபி டிஸ்க்குக்கு எட்டு மணி நேரம் ஆனது. ராத்திரி ஓடவிட்டு வீட்டுக்குப் போங்கள். 197 பூஜ்யமாக இல்லாத டிஸ்க்கில் மட்டும் நகல் எடுத்த பிறகே இதை ஓட்டுங்கள்.

5. உப்பு, ஈரம், கரன்ட்

வெளியூர்க்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ பாதி வியாதி இதுதான். பாம்பன் பாலத்து இரும்பை அரிக்கிற காற்றுதான் நம் சர்வர் ரூமிலும் வீசுகிறது. உப்புத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். செருகும் முனைகளின் மேல் பூச்சு மிக மெல்லியது. அதில் ஓட்டை விழுந்தால் உள்ளே உள்ள செம்பு பச்சையாகப் பூத்துவிடும். கழற்றிப் பார்த்தபோது எங்கள் கேபிள் முனையில் செப்புப் பாத்திரத்துக் களிம்பு மாதிரியே இருந்தது.

முறையாக ஷட்டவுன் செய்து, மின்வயரைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். சாட்டா கேபிளை (டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைப்பது) இழுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்து இழுங்கள். சிலவற்றில் சின்ன உலோக நாக்கு இருக்கும், அதை அழுத்த வேண்டும். பழைய கேபிளைத் துடைத்துத் திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை, புதிது போடுங்கள். நாக்கு உள்ள கேபிளாகக் கேட்டு வாங்குங்கள், அதிர்வில் கழலாது. ராமநாதபுரத்திலேயே கிடைக்கும், எனக்கு 150 ரூபாய். டிஸ்க் பக்கத்து முனையையும் மதர்போர்டு பக்கத்து முனையையும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஒரு சின்ன பாட்டில் 250 ரூபாய்க்கு வாங்கினேன், வருஷத்துக்கு வரும். பெட்ரோல், தின்னர், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். அரைமணி நேரம் காயவிட்டு மூடுங்கள்.

சாட்டா மின்சார முனையையும் பாருங்கள். பழைய நான்கு ஊசி முனையிலிருந்து மாற்றித் தரும் மலிவான இணைப்பு வயர் இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. குளிரூட்டுவது அம்மோனியாவில் என்றால், லேசாகக் கசிந்தாலும் அந்த வாயு செம்பையும் பித்தளையையும் தின்னும். கம்ப்ரசர் ரூமுக்கு அடுத்த சுவரில் சர்வரை வைக்காதீர்கள். எங்களுடையது அங்கேதான் இருந்தது. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது ஆபீஸ் லைட் மங்குகிறதா என்றும் பாருங்கள். மங்கினால் சர்வருக்கு வேறு ஃபேசிலிருந்து தனி லைன் போடச் சொல்லுங்கள். நாங்கள் எலக்ட்ரீஷியனை வைத்து அதையும் எர்த் குழியையும் ஒரே நாளில் சரி செய்தோம். மணல் பாங்கான இடத்தில் எர்த் குழி சீக்கிரம் காய்ந்துவிடும். கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். யூபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது என்றால் நம்பாதீர்கள். எனக்கு மாற்ற 1,300 ஆனது.

ஏசி விஷயத்தில் ஒரு பொறி. பகல் முழுக்க ஏசி போட்டுவிட்டு, சாயங்காலம் அணைத்துக் கடல் பக்க ஜன்னலைத் திறந்து வைப்போம். குளிர்ந்திருக்கும் இரும்பின் மேல் ஈரக்காற்று பட்டதும் வியர்க்கும். ஜன்னலைத் திறக்காதீர்கள், அல்லது ஏசியை அணைக்காதீர்கள்.

6. பழுது பார்க்கும் முன் நகல்

197-ஓ 198-ஓ பூஜ்யமாக இல்லையென்றால், உங்கள் டிஸ்க் நிஜமாகவே போகிறது. இனி அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் செலவு. முதலில் முக்கியமான ஃபோல்டரை மட்டும், கணக்கு டேட்டாவை மட்டும், வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எங்களுடையது 6 ஜிபிதான், சில நிமிட வேலை. முழு டிஸ்க்கையும் எடுக்கிறேன் என்று ஆரம்பித்து, சினிமாப் பாட்டுகளை எல்லாம் காப்பாற்றிவிட்டு, கணக்கு ஃபோல்டருக்கு வரும்போது டிஸ்க் போய்விடும்.

அப்புறம் முழு நகல். அதற்கு அதே அளவோ பெரிதோ ஆன டிஸ்க்கும், டிடிரெஸ்க்யூ என்ற கருவியும் வேண்டும். உபுண்டுவில் தொகுப்பின் பெயர் ஜி-யில் தொடங்கி ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். பழைய டிஸ்க்கை எந்தச் சிஸ்டமும் திறக்காதபடி, வேறு கம்ப்யூட்டரில் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து இதை ஓட்டுங்கள். இதன் சிறப்பு, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, மோசமான இடங்களுக்குக் கடைசியில் வரும். எங்கே விட்டது என்று மேப் ஃபைல் ஒன்றில் எழுதிக்கொள்ளும், அதனால் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் ஃபைலைப் பென்டிரைவில் வையுங்கள், மறந்தால் முதலிலிருந்து. முதல் சுற்றில் மைனஸ் என் சேருங்கள், அது மோசமான இடங்களில் மல்லுக்கட்டாது. இரண்டாம் சுற்றில் மைனஸ் ஆர் மூன்று, அது மோசமான இடங்களை மூன்று தடவை திரும்ப முயலும்.

இங்கேதான் வாழ்க்கையே போகும் தவறு இருக்கிறது. கட்டளையில் முதலில் வருவது பழைய டிஸ்க், அடுத்து வருவது புது டிஸ்க். மாற்றிப் போட்டால் வெற்று டிஸ்க்கை உங்கள் கணக்கின் மேல் எழுதிவிடும். எஸ் டி ஏ, எஸ் டி பி என்ற பெயர்கள் ரீஸ்டார்ட்டுக்கு ரீஸ்டார்ட் மாறும், அவற்றை நம்பாதீர்கள். ஸ்மார்ட் அறிக்கையில் வரும் சீரியல் நம்பரையும் டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பழையதில் சிவப்பு ஸ்டிக்கரும் புதியதில் பச்சை ஸ்டிக்கரும் ஒட்டி, பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தி நம்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லித்தான் என்டர் தட்டுவேன்.

நேரக் கணக்கு: நல்ல டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தால் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம். பழுதான டிஸ்க்குக்குக் கணக்கே கிடையாது. ஒரு நாளும் ஆகலாம், நான்கு நாளும் ஆகலாம். முதலாளியிடம் முதலிலேயே நான்கு நாள் என்று சொல்லிவிடுங்கள்.

ரெய்டு (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் சேர்த்து எழுதும் ஏற்பாடு) போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு டிஸ்க் போய் மற்றது ஓடும்போது, நல்ல டிஸ்க்கை அவசரத்தில் பிடுங்கிவிடுவது சகஜம். இங்கேயும் சீரியல் நம்பர்தான் துணை. ரெய்டு இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். தம்பி தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும்.

ஐஸ் ரூம் உள்ள மீன் கம்பெனியில் வேலை பார்ப்பதால் எனக்கு நான்கு பேர் சொன்ன யோசனை: "டிஸ்க்கை ஐஸ் ரூமில் ஒரு ராத்திரி வை, ஓடும்." வைக்காதீர்கள். வெளியே எடுத்த நிமிடம் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது.

7. சரிபார்ப்பது நகலில் மட்டும்

எஃப் எஸ் சி கே என்ற கட்டளை ஃபைல் சிஸ்டத்தைச் செப்பனிடும். டிஸ்க்கைச் செப்பனிடாது. இந்த வித்தியாசம் தெரியாமல் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்தும் என் சிநேகிதர் ஒருவர் 197-இல் 64 காட்டிய டிஸ்க்கில் நேரடியாக இதை ஓட்டினார். படிக்க முடியாத இடங்களை எல்லாம் "இல்லை" என்று முடிவு செய்து அது வெட்டித் தள்ளியது. மிச்சம் எல்லாம் பெயரில்லாமல், வெறும் எண்களோடு, லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டரில் கிடந்தது. மூன்று வருஷ ரூம் பதிவுகள். விண்டோஸில் செக்டிஸ்க்கும் இதே ஆபத்துதான்.

நகல் எடுத்த புது டிஸ்க்கில், மவுன்ட் செய்யாமல் (சிஸ்டம் அதைத் திறக்காதபடி), முதலில் மைனஸ் என் போட்டு ஒத்திகை பாருங்கள். எதையும் மாற்றாமல் என்னென்ன தவறு என்று மட்டும் சொல்லும். அப்புறம் நிஜமாக ஓட்டுங்கள்.

8. பில், வாரன்டி, கூரியர்

டிஸ்க் வாங்கும் கடையில் விலை பேசுவதற்கு முன் சீரியல் நம்பரைக் கேட்டு, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். சில டிஸ்க்குகளுக்கு அங்கே வாரன்டியே காட்டாது, அல்லது பாதி முடிந்திருக்கும். ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

பில்லில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: கம்பெனியின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும், தேதி, டிஸ்க்கின் சீரியல் நம்பர். கடைக்காரர் சீரியல் நம்பரை எழுதமாட்டார், நீங்கள்தான் எழுத வைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கம்பெனி எண் இல்லாத பில்லுக்கு அந்தத் தொகையை வரவாக எடுக்க முடியாது. நான் அவசரத்தில் என் பெயரில் வாங்கிவந்து ஆடிட்டரிடம் திட்டு வாங்கினேன். வெப்பத்தாளில் அச்சடித்த பில் என்றால் அன்றைக்கே படம் எடுங்கள், நம் ஊர் ஈரத்தில் ஆறு மாதத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

வாரன்டிக்கு அனுப்பும்போது தேவைப்பட்டவை: பில் நகல், டிஸ்க் மேலுள்ள ஸ்டிக்கரின் படம், ஸ்மார்ட் அறிக்கை அச்சு, கம்பெனி லெட்டர்ஹெட்டில் டெலிவரி சலான். விற்பனை இல்லாமல் பொருள் போவதால் சலான் இல்லாவிட்டால் கூரியரில் கேள்வி வரும். வந்த உறையிலேயே, நிலைமின் தடுப்புப் பையோடு, சுற்றிலும் இரண்டு அங்குலம் நுரைப்பஞ்சு வைத்து அனுப்புங்கள். தளர்வாகக் கட்டினால் வாரன்டியை மறுக்க அவர்களுக்கு அதுவே காரணம் ஆகும். எங்கள் பக்கத்துக் கம்பெனிக்குத் திரும்பி வர 23 நாள் ஆனது. வந்தது புதிது அல்ல, செப்பனிட்ட டிஸ்க். அது வழக்கம்தான், சண்டை போட வேண்டாம். அந்த 23 நாளுக்கும் மாற்று டிஸ்க் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வாரன்டி டிஸ்க்கைத்தான் தரும், டேட்டாவைத் தராது. அனுப்பிய டிஸ்க் திரும்பவும் வராது. அதில் ஆதார் நகல்களும் வங்கிக் கணக்கும் இருந்தால், ஐயாயிரம் மிச்சம் பிடிக்க அதை அனுப்பலாமா என்று முதலாளியிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

டேட்டா மீட்கும் லேபுக்குப் போவதாக இருந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்: பார்ப்பதற்கே கட்டணமா, கிடைக்காவிட்டால் காசு உண்டா, கிடைத்த ஃபைல் பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவார்களா, போகவர கூரியர் யார் செலவு. எழுத்தில் வாங்குங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டறிக்கை கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மீட்கலாமா விடலாமா என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

9. எப்போது செய்வது

நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன் கம்பெனிக்காரர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. டிஸ்க் மாற்றம், எர்த் வேலை, இடம் மாற்றுவது எல்லாம் அப்போது. படகு கரையேற்றி மராமத்து பார்க்கிற நேரத்தில் சர்வருக்கும் மராமத்து. லாட்ஜ்காரர்கள் ஆடி அமாவாசை, தை அமாவாசை வாரங்களில் சர்வரைத் தொடவே தொடாதீர்கள்.

கேபிள் முனைகளைத் துடைப்பதும் யூபிஎஸ் பேட்டரி பார்ப்பதும் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். வாடை தொடங்கி மழை பிடித்துவிட்டால் எலக்ட்ரீஷியனும் கிடைக்கமாட்டார், கரன்ட்டும் நிலையாக இருக்காது.

மாதம் முதல் தேதி நான்கு எண்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், ஒரு டிஸ்க்குக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் சீரியல் நம்பர், வாங்கிய தேதி, வாரன்டி முடியும் தேதி. தேவையில்லாமல் வாங்கிய அந்த டிஸ்க் இப்போது பேக்கப்புக்கு ஓடுகிறது. கேபிள் மாற்றிய பிறகு பழையதில் 412-ம் புதியதில் 38-ம் அப்படியே நிற்கின்றன.

நோட்டோடு சேர்த்து, காற்றுப் புகாத ஒரு டப்பாவில் இரண்டு புதுச் சாட்டா கேபிள், சிலிக்கா ஜெல் பொட்டலம், ஆல்கஹால் பாட்டில், லைவ் லினக்ஸ் பென்டிரைவ் ஒன்று. டப்பாவின் மேல் "சர்வர், எடுக்காதே" என்று எழுதி ஒட்டுங்கள். எழுதி ஒட்டாத முதல் டப்பாவை எங்கள் கேன்டீன் அக்கா மிளகாய்ப்பொடி போட எடுத்துப் போய்விட்டார்.